புதிய ஒட்டுண்ணிக் குளவியின் உடலை ஏன் பக்கம் பக்கமாக விவரிக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: புதிதாக ஒரு ஒட்டுண்ணிக் குளவி (வேறு பூச்சிக்குள் முட்டையிட்டு, அதைக் கொன்று வளரும் சிறு குளவி) கண்டுபிடிக்கப்பட்டால், அதன் உணர்கொம்பு, இறக்கையில் உள்ள முடி, காலில் உள்ள முள் என்று ஆய்வுக் கட்டுரையில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது? நல்ல புகைப்படமும் டிஎன்ஏவும் போதாதா?

போதாது. ஏன் என்று விளக்க, தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு நேரடியாக உதவிய ஒரு குளவியையே எடுத்துக்கொள்கிறேன்.

2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோவைச் சேர்ந்த பூச்சி அது. பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்று 1992இல்தான் பெயர் பெற்றது. வந்த இரண்டு வருடத்துக்குள் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று கொங்கு மண்டலத்தின் முக்கியமான பயிர்களையெல்லாம் வெள்ளைப் பஞ்சு அப்பியதுபோல் மூடிவிட்டது. உடம்பைச் சுற்றி மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து அடித்தாலும் சரியாக உள்ளே இறங்காது. மல்பெரியில் மருந்தே அடிக்க முடியாது, பட்டுப்புழு செத்துவிடும். 2010 ஜூலையில் பெங்களூரில் உள்ள வேளாண் பூச்சிகளுக்கான தேசிய நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வழியாக அவை தோட்டங்களில் விடப்பட்டன. மூன்றில் நன்றாக நிலைத்துப் பரவியது அசெரோஃபேகஸ் பப்பாயே. மாவுப்பூச்சி சில மாதங்களில் கண்கூடாகக் குறைந்தது. இலங்கையிலும் அதே மாவுப்பூச்சி 2008இல் வந்தது, அங்கே இதே குளவிகளை 2009லேயே கொண்டுவந்துவிட்டார்கள்.

இந்தக் குளவிக்கு 2003 வரை பெயரே கிடையாது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜான் நொய்ஸும் அமெரிக்க வேளாண்மைத் துறையின் மைக்கேல் ஷாஃபும் சேர்ந்து அந்த வருடம்தான் இதைப் புதிய இனமாக விவரித்தார்கள். நம் ஊருக்கு வந்த மற்ற இரண்டில் சூட்லெப்டோமாஸ்டிக்ஸ் மெக்சிகானாவும் அதே கட்டுரையில் பெயர் பெற்றதுதான், அனகைரஸ் லோக்கி மட்டும் அதற்குச் சில வருடம் முன்பே, 2000இல் பெயர் பெற்றிருந்தது.

அந்த விவரிப்பு எங்கே உதவியது என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து உயிருள்ள குளவிப் பெட்டி வந்தால் அதை அப்படியே தோட்டத்தில் திறந்துவிட மாட்டார்கள். தனிமைக் கூடத்தில் வைத்து, இவை கேட்ட குளவிகள்தானா என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஏனென்றால் மாவுப்பூச்சியிலிருந்து வெளிவரும் எல்லாக் குளவியும் மாவுப்பூச்சியைக் கொல்பவை அல்ல. நமக்கு உதவும் குளவிக்குள்ளேயே முட்டையிட்டு அதைக் கொல்கிற குளவிகளும் உண்டு. கார்ட்டோசெரஸ், ப்ரோகைலோநியூரஸ் போன்றவை அந்த ரகம். அதிலும் ப்ரோகைலோநியூரஸ், அசெரோஃபேகஸ் இருக்கும் அதே என்சிர்டிடே குடும்பத்தைச் சேர்ந்தது. தவறான ஒன்று கலந்து வெளியே போனால், செய்த வேலையை நாமே கெடுத்ததாகிவிடும். அந்த நேரத்தில் கையில் இருக்கும் ஆதாரம் அந்த விவரிப்புதான்.

சரி, உடலுக்கு வருவோம்.

அசெரோஃபேகஸ் பப்பாயே பெண் குளவி வெளிர் ஆரஞ்சு நிறம். ஒரு மில்லிமீட்டர் நீளம்கூடக் கிடையாது, 0.6 முதல் 0.8 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். இதை அப்படியே காய விட்டால் உடம்பு சுருங்கி, முகம் உள்வாங்கி, எதையும் அளக்க முடியாமல் போகும். அதனால் ஆல்கஹாலில் வைத்திருந்து, சுருங்காதபடி காயவைத்துச் சிலவற்றை அட்டையில் ஒட்டுவார்கள். சிலவற்றைக் கண்ணாடிச் சில்லில் பதிப்பார்கள். இந்த இரண்டாவது வேலைதான் பொறுமையைச் சோதிப்பது. முதலில் ஒரு பக்கத்து இறக்கைகளைக் கழற்றித் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு உடலை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டால் தசையும் கொழுப்பும் கரைந்து, ஓடு மட்டும் கண்ணாடிபோல் மிஞ்சும். அதைக் கழுவி, ஆல்கஹாலின் அடர்த்தியைப் படிப்படியாகக் கூட்டி, கிராம்பு எண்ணெய்க்கு மாற்றி, கடைசியில் கனடா பால்சம் என்ற பிசினில் வைப்பார்கள். அந்தப் பிசின் துளிக்குள்ளேயே, குச்சி நுனியில் செருகிய மெல்லிய ஊசியால் தலையைப் பிரித்து முகம் மேலே தெரியும்படி திருப்ப வேண்டும். உணர்கொம்பைத் தனியாக எடுத்து நேராக நீட்ட வேண்டும். அந்தச் சமயத்தில் யாராவது கதவைத் திறந்து பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லவே வாய் வராது. பெருமூச்சு விட்டால்கூடப் பக்கத்தில் எடுத்து வைத்த இறக்கை பறந்துவிடும். மேசையில் கிராம்பு வாசம் சாயங்காலம் வரை நிற்கும்.

இப்படித் தயார் செய்த பிறகுதான் விவரிப்பு தொடங்குகிறது. வழக்கமாகத் தலையிலிருந்து பின்பக்கம் போவார்கள்.

தலையில் கூட்டுக்கண்கள் இரண்டு, உச்சியில் முக்கோணமாக ஒற்றைக்கண்கள் மூன்று. இது எல்லாக் குளவிக்கும் பொது, எழுதத் தேவையில்லை. எழுதுவது என்னவென்றால், இரண்டு கூட்டுக்கண்களுக்கு இடையே உள்ள நெற்றியின் அகலம் மொத்தத் தலை அகலத்தில் எத்தனை பங்கு, ஒற்றைக்கண்கள் அமைக்கும் கோணம் கூர்மையா விரிந்ததா, கண்ணின் அடியிலிருந்து தாடை வரை உள்ள கன்னத்தின் நீளம் கண் உயரத்தில் எவ்வளவு, தாடையில் எத்தனை பல், அவை கூர்மையா மழுங்கலா என்பதெல்லாம்.

எல்லாமே விகிதமாக இருப்பதைக் கவனியுங்கள். விவரிப்பைப் புதிதாகப் படிப்பவர்களைக் குழப்புவது இதுதான், நேராக மைக்ரானில் சொல்லிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். ஆனால் ஒட்டுண்ணிக் குளவியின் உடல் அளவு அதன் கையில் இல்லை. அது வளர்வது ஒரே ஒரு மாவுப்பூச்சிக்குள். தாய் எந்தப் பருவத்து மாவுப்பூச்சியில் முட்டையிட்டதோ, அந்த உடம்பில் உள்ள உணவு மட்டும்தான் புழுவுக்குக் கிடைக்கும். சின்ன மாவுப்பூச்சியில் வளர்ந்தது சின்னக் குளவியாகவும், பெரியதில் வளர்ந்தது பெரிய குளவியாகவும் வெளியே வரும். ஒரு தாயின் பிள்ளைகளே அளவில் நன்றாக வேறுபடலாம். விகிதங்கள் அவ்வளவு ஆடாது. அப்படியும் கொஞ்சம் ஆடும் என்பதால்தான் ஒரே குளவியை அளக்காமல் பலவற்றை அளந்து, குறைந்தது இவ்வளவு, அதிகம் இவ்வளவு என்று வரம்பு கொடுக்கிறார்கள். ஒற்றைக் குளவியை வைத்துப் புதிய இனம் என்று அறிவிக்கும் கட்டுரைகளை நான் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

உணர்கொம்பு மிக முக்கியமானது. தலையோடு சேரும் நீண்ட அடிக்கணு, அதற்கடுத்துச் சிறிய இரண்டாம் கணு, பிறகு வரிசையாக நடுக்கணுக்கள், முனையில் தடித்த குண்டுப் பகுதி. என்சிர்டிடே குடும்பத்தில் பெண் குளவிக்கு நடுக்கணுக்கள் பொதுவாக 6 இருக்கும். அசெரோஃபேகஸ் பேரினத்தில் (நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுப்புதான் பேரினம்) பொதுவாக 5. ஒரே ஒரு கணுக் குறைவு, ஆனால் அதுவே நூற்றுக்கணக்கான பேரினங்களை ஒதுக்கித் தேடலைச் சுருக்கிவிடும். அனகைரஸ் பேரினத்தில் அடிக்கணு தட்டையாக அகன்று, கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். அதனால் நம் ஊருக்கு வந்த குளவிகளில் அனகைரஸை அசெரோஃபேகஸிலிருந்து கை லென்ஸ் வைத்தே பிரித்துவிடலாம். மேலே சொன்ன கார்ட்டோசெரஸுக்கு முனைக் குண்டு நீளமாக, பிரிவே இல்லாமல் ஒரே துண்டாக இருக்கும். தனிமைக் கூடத்தில் அதைப் பார்த்தாலே ஆபத்து என்று தெரிந்துவிடும்.

கணுக்களின் எண்ணிக்கையோடு நிறுத்துவதில்லை. ஒவ்வொரு கணுவும் நீளத்தில் அகலத்தைவிடக் கூடுதலா, எந்தக் கணுவிலிருந்து வாசனை உணரும் நீள்வரி உறுப்புகள் தொடங்குகின்றன, முனைக் குண்டு நேராக முடிகிறதா சாய்வாக வெட்டியதுபோல் முடிகிறதா என்றும் எழுதுவார்கள். இதற்கெல்லாம் வாழ்க்கையில் அர்த்தம் உண்டு. மாவுப்பூச்சியைக் கண்டதும் பெண் குளவி உணர்கொம்பு முனையால் அதைத் தட்டித் தட்டிப் பார்த்துத்தான், இது தன் இரைதானா, முட்டையிடத் தகுந்த பருவமா என்று முடிவு செய்கிறது.

அடுத்தது நடு உடல். குளவிகளில் வயிற்றின் முதல் வளையம் மார்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் இடுப்பு என்று பார்க்கும் ஒடுக்கம், உண்மையில் வயிற்றின் முதல் வளையத்துக்கும் இரண்டாம் வளையத்துக்கும் நடுவே இருப்பது. அதனால்தான் குளவி விவரிப்பில் மார்பு, வயிறு என்ற பாடப்புத்தகப் பிரிவு சரியாகப் பொருந்துவதில்லை, நடு உடல், பின் உடல் என்று பிரிக்கிறார்கள்.

என்சிர்டிடே குடும்பத்தின் அடையாளம் நடு உடலின் பக்கவாட்டில் இருக்கிறது. நடுக்காலுக்கு மேலே உள்ள பக்கத் தகடு பெரிதாகப் புடைத்து, கிட்டத்தட்டப் பக்கம் முழுவதையும் அடைத்திருக்கும். உள்ளே குதிப்பதற்கான தசை. நடுக்கணைக்காலின் நுனியில் தடித்த நீண்ட முள் ஒன்று, பாதத்தின் அடியில் சிறு முளைகள். தொட்டால் இந்தக் குளவி பறப்பதற்கு முன்னால் குதிக்கும். கண்ணாடிக் குழாயில் பிடித்துப் பழகியவர்கள் இதைப் பார்த்தே குடும்பத்தைச் சொல்லிவிடுவார்கள்.

இறக்கையில் நரம்புகள் மிகக் குறைவு. முன் விளிம்பை ஒட்டி ஓடும் ஒரே நரம்பு, அதன் நுனியில் சிறு கிளை. பெரிய குளவிகளில் இறக்கை நரம்பின் கட்டங்களை வைத்தே பேரினம் சொல்லலாம், இங்கே அந்த வசதி இல்லை. அதனால் முடிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. என்சிர்டிடே முன் இறக்கையில் நரம்பின் முனையிலிருந்து பின்பக்கமாகச் சாய்வாக முடியே இல்லாத ஒரு பட்டை ஓடும். அது முழுதாக இருக்கிறதா, நடுவில் முடி வரிசை மறிக்கிறதா, இறக்கை விளிம்பில் உள்ள குஞ்ச முடி எவ்வளவு நீளம் என்றெல்லாம் எழுதுவார்கள்.

இறக்கை பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒளி ஊடுருவும் இந்த மெல்லிய இறக்கைகளைக் கறுப்புப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் சோப்புக் குமிழியில் வருவதுபோல் நிறப் பட்டைகள் தெரிவதாகவும், அந்த நிறக் கோலம் பல இனங்களில் நிலையாக இருப்பதாகவும் காட்டியது. அதற்கு முன் நூறு வருடத்துக்கும் மேலாக வெள்ளைப் பின்னணியில் பார்த்து, நிறமற்ற இறக்கை என்று எழுதிக்கொண்டிருந்தோம். இப்போது வரும் நல்ல விவரிப்புகளில் கறுப்புப் பின்னணியில் எடுத்த இறக்கைப் படமும் இருக்கிறது.

பின் உடலில் முதலில் பார்ப்பது இரண்டு சிறு உணர்முடித் தட்டுகள். மற்ற குளவிகளில் உடலின் கடைசியில் இருக்கும் இவை, என்சிர்டிடேயில் பக்கவாட்டில் நன்றாக முன்னே தள்ளி வந்திருக்கும். அப்புறம் முட்டையிடும் ஊசி. வெளியிலிருந்து ஒற்றை ஊசியாகத் தெரிந்தாலும் அது மூன்று பாகங்கள் சேர்ந்தது: மேலே ஒன்று, கீழே இரண்டு. கீழ்ப்பாகங்கள் இரண்டும் மேல்பாகத்தில் உள்ள தண்டவாளம் போன்ற வரம்பைப் பிடித்துக்கொண்டு மாறி மாறி முன்னும் பின்னும் சறுக்கும். அப்படித்தான் அது இரையின் தோலைத் துளைத்து உள்ளே இறங்குகிறது. அதே இடைவெளி வழியாகத்தான் முட்டையும் நசுங்கி நீண்டு இறங்குகிறது. விவரிப்பில் இதன் நீளத்தை நடுக்கணைக்காலின் நீளத்தோடு ஒப்பிட்டு எழுதுவார்கள். நெருங்கிய இனங்களைப் பிரிப்பதில் இந்த விகிதம் பெரும்பாலும் கைகொடுக்கும்.

ஆண் குளவியைத் தனியாக விவரிக்க வேண்டும். பல இனங்களில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு வேறு வேறு பூச்சிகள்போல் இருக்கும். அனகைரஸில் பல இனங்களில் பெண்ணின் நிறமும் உணர்கொம்பு வடிவமும் ஆணோடு ஒத்தே போகாது. பெண்ணுக்கு ஒரு பெயரும் ஆணுக்கு வேறு பெயருமாக ஒரே இனம் இரண்டாகப் பதிவான கதைகள் இந்தத் துறையில் நிறைய.

ஆணைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே உதாரணம் இருக்கிறது. கரும்பு இடைக்கணுப் புழுவுக்கு ஒட்டுண்ணி அட்டை கட்டுகிறோமே, அந்த அட்டையில் இருப்பது, பிற பூச்சிகளின் முட்டைக்குள் வளரும் ட்ரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணிக் குளவி. உலகம் முழுவதும் இந்தப் பேரினத்தின் இனங்களை உடல் நிறத்தையும் இறக்கை முடியையும் வைத்தே நெடுங்காலம் பிரித்தார்கள். ஆனால் வளரும்போது உள்ள வெப்பநிலைக்கேற்ப இவற்றின் நிறம் மாறிவிடும். அதனால் எவன்சென்ஸ், மைனூட்டம், ஆஸ்ட்ராலிகம் என்ற பெயர்கள் கண்டபடி புழங்கின. இந்தியாவில் ஆய்வகங்களில் வளர்த்த பூச்சியும் பல வருடம் ஆஸ்ட்ராலிகம் என்றே அழைக்கப்பட்டது.

பெங்களூரில் இருந்த காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் இந்திய நிலையத்தில் சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும் இந்தப் பூச்சிகளை ஒன்றோடொன்று கலப்பு செய்து பார்த்தார்கள். பிறகு ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தார்கள். 1968இலும் 1971இலும் வந்த அவர்களின் கட்டுரைகள், இனங்களைப் பிரிக்க நம்பகமான அடையாளம் அங்கேதான் இருக்கிறது என்று காட்டின. அதன் பிறகு உலகம் முழுக்க ட்ரைக்கோகிரம்மா விவரிப்பு எழுதும் முறையே மாறியது. நம்முடைய ஆஸ்ட்ராலிகம் கடைசியில் ட்ரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்று தெளிவானது. அரை மில்லிமீட்டர் பூச்சியின் வயிற்று நுனியில், அதைவிட எத்தனையோ மடங்கு சிறிய ஓர் உறுப்பைப் பார்த்து வரைந்த அந்த இருவரின் வேலையை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் பெரிதாகச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

இனி டிஎன்ஏ. செல்லுக்குள் உள்ள மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து ஒரு மரபணுவின் சுமார் 650 எழுத்து நீளத் துண்டை எடுத்துப் பார்கோடுபோல் பயன்படுத்துகிறார்கள். மிகப் பயனுள்ள கருவி, அதில் சந்தேகமே இல்லை. வெளிப்பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தவை உண்மையில் பல இனங்கள் என்று காட்டிக் கொடுத்ததே அதுதான். கோஸ்டா ரிகாவின் குவானகாஸ்டே காட்டுப் பகுதியில் கம்பளிப்புழுக்களைச் சேகரித்து வளர்த்து, அவற்றிலிருந்து வரும் குளவிகளைப் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவருகிறார்கள். அங்கிருந்து 2014இல் வந்த கட்டுரை ஒன்று அபான்டெலஸ் பேரினத்தில் மட்டும் 186 புதிய இனங்களை உடலமைப்பு, பார்கோடு, இரைப்புழு மூன்றையும் சேர்த்து விவரித்தது. 2021இல் வந்த இன்னொன்று ஒரே அடியாக 403 புதிய இனங்களை அறிவித்தது. அதில் உடல் விவரிப்பு எழுதுவதைப் பெரும்பாலும் கைவிட்டு, பார்கோடும் ஒரு பக்கவாட்டுப் படமும் போதும் என்று வைத்தார்கள். வகைப்பாட்டாளர்கள் மத்தியில் பெரிய சண்டையே நடந்தது.

இரண்டு பக்க வாதமும் எனக்குப் புரிகிறது. காடு அழியும் வேகத்தில் ஒவ்வொரு குளவிக்கும் மூன்று பக்கம் எழுதிக்கொண்டிருந்தால் பெயர் வைப்பதற்குள் இனமே போய்விடும் என்பது 2021 கட்டுரையை எழுதியவர்களின் கவலை. நியாயம்தான். ஆனாலும் 2014 கட்டுரையின் வழியையே நான் ஆதரிப்பேன். 1912இல் பெயர் பெற்ற ஒரு குளவியின் மூல மாதிரியிலிருந்து (பெயர் வைக்கும்போது ஆதாரமாகக் குறித்துவைத்த குளவியிலிருந்து) இன்று டிஎன்ஏ எடுப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். பழைய பெயர்களோடு புதியதை ஒப்பிட உடல் ஒன்றுதான் இருக்கிறது. அதோடு, தர்மபுரியிலோ சேலத்திலோ மரவள்ளி இலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வேளாண் அலுவலரின் கையில் லென்ஸ் இருக்கும், டிஎன்ஏ இயந்திரம் இருக்காது. இப்போது குளவியின் ஓட்டைச் சிதைக்காமல் உள்ளிருக்கும் திசுவை மட்டும் நொதியால் கரைத்து டிஎன்ஏ எடுக்க முடிகிறது. அதே குளவியைப் பிறகு சில்லில் பதித்து விவரிக்கலாம். ஒன்றை விட்டுத்தான் இன்னொன்று என்ற நிலைமையே இல்லை.

படத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். படம் கட்டாயம் வேண்டும். ஆனால் படம் எல்லாவற்றையும் ஒரே அளவில் காட்டும், எது இந்த இனத்துக்கே உரிய அடையாளம், எது அந்த ஒரு குளவியின் தற்செயல் என்று அது பிரித்துச் சொல்லாது. எழுதுபவர் பல மாதிரிகளையும் நெருங்கிய இனங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, இதையெல்லாம் நம்பலாம் என்று தேர்ந்து எழுதியதுதான் விவரிப்பு. அவர் சொன்னது தவறாக இருந்தால் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. விலங்கியல் பெயரிடல் விதிப்படி 2000ஆம் ஆண்டிலிருந்து, புதிய இனத்துக்கு மூல மாதிரி எது என்று வெளிப்படையாகக் குறிப்பிடாவிட்டால் பெயரே செல்லாது. அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும்.

உங்கள் தோட்டத்திலேயே விவரிக்கப்படாத குளவி இருக்க வாய்ப்பு உண்டு. பார்க்க ஆசையிருந்தால், விறைத்துப் பழுப்பாகிப்போன மாவுப்பூச்சிகளை இலையோடு எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காப்ஸ்யூலில் அல்லது மூடியுள்ள சிறு குழாயில் போட்டு நிழலில் வையுங்கள். சில நாட்களில் வட்டமான துளை போட்டுக்கொண்டு குளவி வெளியே வரும். வந்ததை 95 சதவீத ஆல்கஹாலில் போட்டு, காலியான மாவுப்பூச்சி ஓட்டையும் கூடவே பத்திரப்படுத்துங்கள். செடி, ஊர், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். ஒன்றிரண்டு போதாது, ஆணும் பெண்ணும் கலந்து கிடைக்கிற அளவுக்குச் சேர்த்து, பக்கத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.